பிஸ்கட்டும் மணலும்

சுவருக்குச் சாயம் அடிப்பது சுலபம். எந்தச் சாயம் என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்வதற்குள்தான் நமக்கு உயிர் போய்விடும். ஒரு தடவையாவது வீட்டுக்குச் சாயம் அடித்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரிந்திருக்கும்.

இரண்டு கட்டம்

மேரு என்ற ஊரில், தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில் வீடு. தீபாவளிக்குள் ஹாலுக்குச் சாயம் அடித்தே ஆக வேண்டும் என்று சரோஜா அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். பதினைந்து வருஷமாக அதே பச்சை. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதாம். நிற அட்டையைப் புரட்டி, பிஸ்கட் நிறத்தையும் மணல் நிறத்தையும் பொறுக்கி வைத்திருந்தார். வழக்கம்போல இரண்டையும் டிவிக்குப் பக்கத்துச் சுவரில் கட்டம் கட்டமாக அடித்துக் காட்டினேன். அவர் கணவர் மாணிக்கம் அண்ணன், லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர், பேப்பரிலிருந்து அரை நிமிஷம் தலையைத் தூக்கினார்.

"ரெண்டும் ஒண்ணுதான் லா தம்பி. எதையாவது அடிச்சிட்டுப் போ."

நாளைக்கு

நான்தான் பெரிய மேதாவி மாதிரி, காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, விளக்கு போட்டு ஒரு தடவை பாருங்கள், அவசரமே இல்லை என்றேன். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தினமும் போன். காலையில் பிஸ்கட் அழகாம், சாயங்காலம் மணல் அழகாம். அண்ணனைக் கேட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். ஒரு வாரம் இப்படியே ஓடியது. கடைசியாகப் பேசியபோது சொன்னார்:

"லைட் போட்டா பிஸ்கட் செவக்குது தம்பி. கன்பர்மா நாளைக்குச் சொல்றேன்."

வருஷம் திரும்பி

மறுநாள் காலை அக்கா இல்லை. மாரடைப்பு. துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை சாயம் அடிக்க மாட்டார்கள். பச்சைச் சுவரில் அந்த இரண்டு கட்டங்களும் அப்படியே கிடந்தன. அன்றைக்கே எதையாவது அடித்திருந்தால் அக்கா ஒரு வாரமாவது புதுச் சுவரைப் பார்த்திருப்பார். அந்த நினைப்பு என்னை விடவே இல்லை.

வருஷத் திதி முடிந்ததும் அண்ணன் கூப்பிட்டார். போனேன். அவருடைய நாற்காலி டிவியைப் பார்க்காமல் கட்டங்களைப் பார்த்துக் கிடந்தது. எந்த நிறம் என்று அக்கா கடைசிவரை சொல்லவில்லை என்றேன். தலையாட்டினார். சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி. லைட் போட்டா பிஸ்கட் செவக்கத்தான் செய்யுது. மணலே அடிச்சிடு. அவகிட்டதான் சொல்ல முடியல."

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் 'இன்னும் ஒரு நாள் பாருங்கள்' என்று நான் சொல்வதில்லை. அவசரக்காரப் பெயிண்டர் என்று மேரு முழுக்கப் பெயர் வாங்கியதுதான் மிச்சம்.