கட்டைவிரலுக்கு அடியில்

கட்டன் சாயா ஆறுவதற்குள் ஷிஜோ வர்கீஸ் ஒரு வேலையை முடித்துவிடுவார். மென்பொருள்களில் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றி அன்று வெளியான அறிவிப்புகளைத் திறந்து, நேராகக் கடைசி வரிக்குப் போவார். கண்டுபிடித்தவர் பெயர் அங்கேதான் இருக்கும். ஓட்டை என்ன என்பதெல்லாம் அப்புறம். "இவனா? அதிர்ஷ்டம்டா, வேற ஒண்ணுமில்ல" என்பார். கோழிக்கோட்டிலிருந்து இதே மாதிரி ஓட்டை தேடும் நிகிலாவின் பெயர் இருந்தால் மட்டும் தின்றுகொண்டிருந்த பழம்பொரியைப் பாதியில் வைத்துவிடுவார். அந்தப் பெண்ணை அவர் நேரில் பார்த்ததில்லை.

கொச்சி அலுவலகத்தில் நான் சேர்ந்த அன்று அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்குக் கிடைத்தது. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தன் திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "உன்னைச் சொல்லல மோனே, பொதுவா எனக்கு இது பழக்கம்." எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அக்கா கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைப் பட்டத்தோடு அடித்த நாளில் அதை எத்தனை முறை தடவிப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் அவருக்கும் ஓர் ஓட்டை சிக்கியது. கம்ப்யூட்டரில் எங்கோ போட்டுவைத்த கோப்புகளைத் தேடித் தரும் செயலி ஒன்றில். அதன் ஒரு பகுதி நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்தோடு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். யார் வேண்டுமானாலும் கோப்பு போடக்கூடிய ஒரு ஃபோல்டரில் துணைக் கோப்பு கிடக்கிறதா என்று பார்க்கும். கிடந்தால் கேள்வி கேட்காமல் இயக்கிவிடும். சாதாரணக் கணக்கில் உட்கார்ந்திருப்பவன் தன் கோப்பை அங்கே போட்டுவைத்தால் போதும், மொத்தக் கம்ப்யூட்டரும் அவன் கைக்கு வந்துவிடும்.

வியாழக்கிழமையே செயலிக்காரர்களுக்கு அனுப்ப எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்ததால் அனுப்பவில்லை. சனிக்கிழமை மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு அதை அனுப்பினார். செயலிக்காரர்கள் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள்: இதே ஓட்டையைப் பற்றி வெள்ளியன்றே ஒரு தகவல் வந்துவிட்டது, இருவர் பெயரையும் வெளியிடுகிறோம், முதலில் அனுப்பியவர் பெயர் முதலில். முதல் பெயர் நிகிலா.

அலுவலகத்துக்கு வந்ததும் அவர் என்னைப் பார்த்தார். "வியாழக்கிழமை நீ ஒரு லீவு போட்டிருக்கலாம்டா."

ஷிஜோ இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். திரை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியிருக்கிறது. தன் பெயர் வந்த அறிவிப்புப் பக்கத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டுவார். நேற்று கேன்டீன் லாலி சேச்சியின் முறை.

"விரலை எடேன் ஷிஜோ, மேல என்னமோ எழுதியிருக்கே?"

"அங்க கண்ணாடி கீறியிருக்கு சேச்சி. கீழ படிங்க."

கட்டைவிரல் நகரவில்லை.