பொண்ணு இல்லையா உங்களுக்கு?

சர்வீஸ் சென்டரில் அவனுக்கு டிரம் என்று பெயர். வாஷிங் மெஷினின் உள் உருளையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு" என்றோ "பம்புல ஹேர்பின் மாட்டியிருக்கு" என்றோ சொல்லிவிடுவான். சொன்னால் தப்பாது. நாற்பத்தாறு வயதில் வயிறும் அந்தப் பெயருக்கேற்ப உருண்டுவிட்டதால், பெயர் எதனால் வந்தது என்பதில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சின்னக் குழப்பம் உண்டு.

இருபத்து மூன்று வருஷமாக அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பவன் அவன். அப்படி உட்கார்ந்திருப்பவனிடம் வயதானவர்கள் மனசைக் கொட்டுவார்கள். மெஷினுக்கு முதுகு காட்டி உட்கார முடியாதல்லவா, அவர்களுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பான். முகம் தெரியாதவனிடம் பேசுவது சுலபம் போலிருக்கிறது. எல்லார் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். மகள் உள்ளவர்கள் "எனக்கென்னப்பா கவலை" என்பார்கள். மகன் மட்டும் உள்ளவர்கள் பெருமூச்சு விடுவார்கள். டிரம் ஸ்பேனரைத் திருகிக்கொண்டே இரண்டு பேருக்கும் "ஆமாங்க" என்பான்.

அவன் அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தாள். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தினமும் காலை ஏழரைக்கு டிரம் அங்கே ஆஜர். முதல் வேலைக்குக் கிளம்பும்வரை ஒரு மணி நேரம் பேச்சு. மூன்றாவது மாடி வக்கீல் வீட்டம்மாவோடு நின்றுபோன பேச்சுவார்த்தை, வயிற்று உப்புசம், விடியற்காலைக் கனவு, கல்யாணத்துக்கு முன்னால் எக்சேஞ்சில் ஒருத்தர் அவளுடைய ஷிஃப்டுக்கே தன் ஷிஃப்டை மாற்றி வாங்கிக்கொண்டு வந்தது எல்லாம் அவனுக்குத் தெரியும். எந்தக் கம்பெனி நைட்டியில் கழுத்துப்பட்டி உறுத்தும் என்று தெரிந்து, அதைத் தவிர்த்து வாங்கிவருபவனும் அவன்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தன் வேலைக்கான ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு அம்மாவின் தலைக்கு டை அடித்துவிடுவான்.

அப்படி டை அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா தன் சித்தாந்தத்தைச் சொல்வாள்.

"முப்பது வருஷம் ஊர்ப் பேச்சையெல்லாம் காதால கேட்டவ நான். அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுறது பொண்ணுங்கதான்டா. பசங்க போன் பண்ணா, வரலைன்னு சொல்றதுக்குத்தான் பண்ணுவாங்க."

"அப்ப நான்?"

"நீ எங்க போன் பண்றே? நேர்ல வந்துடறே. அது கணக்குல வராது. தலைய ஆட்டாம அடி, காதுல வழியுது."

தலையை ஆட்டியது அவள்தான். டிரம் வழிந்ததைத் துடைத்துவிட்டான்.

அம்மா சொன்ன அந்தப் பொண்ணு, டிரம்முக்கு மூன்று வயது மூத்த அக்கா. விமானத்தில் போகவேண்டிய தூரத்தில் இருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் வேலை. சின்ன வயதிலேயே அவள் அப்பாவின் ஆள். அப்பா ஸ்கூட்டரைப் பிரித்தால் அவளும் தரையில் படுத்துக்கொள்வாள். டிரம் அம்மாவோடு துணி மடித்துக்கொண்டிருப்பான். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அக்கா மாதத்தின் முதல் ஞாயிறு அம்மாவுக்குப் போன் செய்வாள். "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தம்பி வர்றானா, சரி வைக்கட்டா." நான்கு நிமிஷம். அந்த நான்கு நிமிஷத்தை வைத்துக்கொண்டு அம்மா கட்டடம் முழுக்க ஒரு வாரம் ஓட்டுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு டிரம் கதவைத் திறந்தபோது, அம்மா கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கிடந்தாள். இறங்கும்போது கால் பிசகியிருக்கிறது. இடுப்பெலும்பு முறிவு. அன்றைக்கே ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

வலிக்கு ஊசி போட்டதில் அம்மா அரைத் தூக்கத்தில் இருந்தாள். வார்டில் ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்தார்.

"பேஷண்டோட வந்தது யாரு?"

"நான்தான் சிஸ்டர். பையன்."

"லேடீஸ் யாரும் வரலையா?"

"வைஃப் பேக்கரியில வேலை. மத்தியானம் வந்துடுவா."

"பொண்ணு இல்லையா இவங்களுக்கு?"

"அக்கா வெளியூர்ல இருக்கா. எதுன்னாலும் என்னைக் கேளுங்க சிஸ்டர், நானே சொல்றேன்." டிரம் சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தான். அம்மாவின் ரத்த அழுத்தம், மாத்திரைகள் எல்லாம் தேதிவாரியாக அதில் இருந்தன.

நர்ஸ் நோட்டைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார், கொஞ்சம் இரக்கத்தோடு. "சில விஷயம் பர்சனலா கேக்கணும் சார். உங்களுக்கெல்லாம் தெரியாது. அக்கா நம்பரைச் சொல்லுங்க, நீங்க போய் உட்காருங்க."

நம்பரைச் சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தான். இரண்டு நிமிஷத்தில் அவன் போன் அடித்தது. அக்கா.

"டேய், அம்மாவுக்கு என்னடா ஆச்சு! நர்ஸை லைன்ல நிக்க வச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லு. எந்த மருந்து ஒத்துக்காது?"

"பெனிசிலின். உடம்பெல்லாம் தடிச்சுடும்."

"முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?"

"பித்தப்பைக் கல்லு. பதினோரு வருஷம் ஆச்சு. மயக்கம் தெளிய லேட்டாச்சு, அதையும் சொல்லு."

"பீரியட்ஸ் எப்ப நின்னுச்சுன்னு கேக்குறாங்கடா."

"நாப்பத்தொம்போதுல."

"உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?"

"அம்மா சொன்னா. வேற என்ன கேட்டாங்க?"

இப்படி மூன்று முறை அக்கா லைனில் வந்து போனாள். கடைசியில் நர்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தீங்களா சார்? எவ்வளவோ தூரத்துல இருந்துக்கிட்டு எல்லாத்தையும் விரல் நுனியில வச்சிருக்காங்க. கொஞ்சம் யோசிச்சு யோசிச்சுத்தான் சொன்னாங்க, ஆனா ஒண்ணுகூடத் தப்பில்ல. அதான் சார் பொண்ணு!"

"ஆமாங்க சிஸ்டர்" என்றான் டிரம். பழக்கதோஷம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் அக்கா வந்து இறங்கினாள். நர்ஸின் உபயத்தால் அவள் புகழ் வார்டு முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்கு அரை மணி முன்பே அம்மா டிரம்மைவிட்டுத் தலை வாரச் சொல்லி, தலையணை உறையை மாற்றச் சொல்லி, பவுடரும் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே வந்ததும் அம்மா அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். "நீ வெளிய இருடா. எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்."

அந்த ஆயிரமும் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. அக்கா வராந்தாவுக்கு வந்து அவன் தோளைப் பிடித்தாள்.

"டேய், எனக்குப் பேச ஒண்ணும் வரலடா. வலிக்குதான்னு கேட்டேன், வலிக்குதுன்னா. அதுக்கப்புறம் அம்மா சுவத்தைப் பாக்குறா, நான் சலைன் பாட்டிலைப் பாக்குறேன்."

"மூணாவது மாடி வக்கீல் வீட்டம்மாகூட ஏன் பேசுறதில்லன்னு கேளு. அரை மணி நேரம் தாங்கும்."

கேட்டாள். நாற்பது நிமிஷம் தாங்கியது. பிறகு அக்கா மருந்து வாங்கக் கீழே போன சமயம் பார்த்து, அம்மா டிரம்மைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இவகிட்ட என்னடா பேசுறது? வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டேன், போகுதுன்னா. மேல என்ன கேக்கறதுன்னு தெரியல."

"போன மாசம் ஒரு லாரி கிணத்துக்குள்ள விழுந்துச்சாம். அதுக்குள்ள கயிறு கட்டி இறங்கிப் பாத்திருக்கா. அதைக் கேளு."

"கிணத்துக்குள்ளயா! என்கிட்ட சொல்லவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் போன் பண்ணிக் கேட்டேன்."

இப்படியே இரண்டு நாள் ஓடியது. உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி, நடுவில் டிரம். வார்டுக்காரர்களோ, அம்மாவும் பொண்ணும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். பக்கத்துக் கட்டில் பெரியவர் தன் மகனிடம், "பாத்தியாடா" என்று அலுத்துக்கொண்டார். அந்த மகன் அப்போது அவர் காலைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தான்.

அக்கா கிளம்புவதற்கு முந்தின மாலை, இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் கடந்து போகும்போது அக்காவின் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இரு தாயி" என்றுவிட்டுப் போனார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு வெக்கமா இருக்குடா. உன் சட்டையைப் போட்டுக்கிட்டு ஊர்ல சுத்துற மாதிரி இருக்கு."

"விடுக்கா."

"அப்பா இருந்தப்ப நான் வீட்டுக்கு ஓடி ஓடி வருவேன், ஞாபகம் இருக்கா? அவர் போனப்புறம் அந்த வீட்டுல எனக்கு யாருமில்லாத மாதிரி ஆயிடுச்சு. அம்மா மேல கோவமெல்லாம் இல்ல. சின்ன வயசுலேர்ந்தே எங்களுக்குள்ள பேச்சு கிடையாது, அவ்வளவுதான். இதை வெளிய சொன்னா, நீயெல்லாம் ஒரு பொண்ணான்னு கேப்பாங்க. அப்பா செத்தப்ப வந்தவங்க எல்லாரும், அம்மாவைப் பக்கத்துல இருந்து தேத்தும்மான்னுதான் சொன்னாங்க. என்னை யாருமே தேத்தலடா."

டிரம்முக்கு அந்த நாள் நினைவிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவன் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 'ஆம்பளப் பிள்ளைக்கு அப்பன் போனா வலது கை போன மாதிரி' என்று ஒருவர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பாவோடு சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியிராத அவன், என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அக்கா அப்போது வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் பங்கை மட்டும்தான் அடுத்தவர் கொண்டுபோனதாக இத்தனை நாள் நினைத்திருந்தோமே என்று இருந்தது அவனுக்கு. கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கிவந்தான்.

மறுநாள் டிஸ்சார்ஜ். பிசியோதெரபி செய்யும் பெண், மாலை விமானத்துக்கு டிக்கெட் வைத்திருந்த அக்காவை நிற்கவைத்து, காலை எத்தனை முறை தூக்கவேண்டும், எந்தப் பக்கம் திருப்பக்கூடாது என்று பொறுமையாக விளக்கினார். டிரம் பின்னால் நின்று நோட்டில் எழுதிக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு உண்டானது. அக்கா இனி ஞாயிறுதோறும் கூப்பிடுவதென்றும், பேசவேண்டிய விஷயங்களை டிரம் சனிக்கிழமையே மெசேஜில் அனுப்புவதென்றும் பேசிக்கொண்டார்கள். 'புது வாக்கர் கிறீச்சிடுது. வக்கீல் வீட்டம்மா சூப் கொடுத்து அனுப்பிச்சாங்க, அம்மா திருப்பி அனுப்பிட்டா. இடது கால் விரல் மரத்துப்போகுது.' திங்கள் காலை அம்மா அவனிடமே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

"கால் விரல் எப்படியிருக்குன்னு அவளாவே கேக்குறாடா! நான் சொல்லவே இல்ல. எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு அவளுக்கு எப்படித் தெரியுது பாரு. பொண்ணு மனசு!"

"ஆமாம்மா" என்பான் டிரம், அந்த விரலை நீவிவிட்டபடி.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஒரு விடுதியில் எட்டு மெஷின்களும் ஒன்றாகப் படுத்துவிட்டன. நாள் முழுக்க அங்கேயே கிடந்தவன் மெசேஜ் அனுப்ப மறந்துபோனான். ஞாயிறு மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது. பதறிப்போய் அக்காவைக் கூப்பிட்டான். பிஸி. அம்மாவைக் கூப்பிட்டான். பிஸி. ஐம்பது நிமிஷம் இரண்டு நம்பரும் பிஸியாகவே இருந்தன. கடைசியில் அக்கா எடுத்தாள்.

"சாரிக்கா, மறந்துட்டேன். என்ன பேசினீங்க இவ்வளவு நேரம்?"

"உன்னைப் பத்திதான்டா."

"என்னைப் பத்தியா? என்னைப் பத்திப் பேச என்ன இருக்கு?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அப்பா போன பிறகு அவள் இப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. "அதெல்லாம் சொல்ல முடியாது. அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டா."

டிரம்முக்குச் சுருக்கென்றது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், பட்டுக்கொண்டும்தான் இருந்தான். ஆனாலும் சாயங்காலம் வரை மனைவி கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். மறுநாள் வேண்டுமென்றே ஏழே முக்காலுக்குப் போனான். எதுவும் கேட்பதில்லை என்று முடிவோடு போய், செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டான்.

"அக்காகிட்ட என்னம்மா பேசினே?"

"அதெல்லாம் அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல ஆயிரம் இருக்கும். உனக்கெதுக்கு?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரம் வாக்கரின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டான். ஐந்து நிமிஷம் போயிருக்கும். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"நீ காலையில வந்து உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மாட்டேங்கிறேன்னு சொன்னேன். டை அடிச்சா பாதி காதுல அடிக்கிறேன்னு சொன்னேன். அதுக்கு அவ, சின்ன வயசுல நீ என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வாசல்ல நின்னதைச் சொன்னா பாரு, சிரிச்சு சிரிச்சு இடுப்பு விட்டுப்போச்சுடா எனக்கு. இதெல்லாம் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நாங்க பேசிவச்சிருக்கோம். நீ கேக்காத மாதிரி இரு."

"சரிம்மா."

"இன்னொண்ணும் சொன்னா, அது ரொம்ப ரகசியம். கிட்ட வா, சொல்றேன்."

முதல் வாடிக்கையாளருக்குப் போன் செய்து, வர ஒன்பதரை ஆகும் என்று சொல்லிவிட்டு, டிரம் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டுக்கொண்டான்.