சிவந்த விரலைச் சுருக்கியபோது

மறுபடியும் ‘பொருந்தவில்லை’ என்று திரை காட்டியபோதுதான் அந்த யோசனை வந்தது. எவ்வளவோ முன்னால் வந்திருக்க வேண்டும்!

போன ஞாயிறு. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளி. வேலைக்கான தேர்வு. எழுத வருகிறவர்களின் விரல் ரேகையைப் பிடித்து, விண்ணப்பித்தபோது கொடுத்த ரேகையோடு ஒப்பிட்டு உள்ளே அனுப்புவது எங்கள் குழுவின் வேலை. அங்கே நெட் நொண்டியடிக்கும். அதனால் படத்தைச் சுருக்கி அனுப்ப ஒரு புரோகிராம் — நான் எழுதியது. எவ்வளவு சுருக்கினாலும் ஆள் அடையாளம் தப்பாது என்று எல்லோரிடமும் அளந்து விட்டிருந்தேன்.

கடைசியாக வந்தவர் செல்வி. ஊர் திருவேங்கடம். புதுக் கல்யாணம். எல்லா விரல் நுனியிலும் தொப்பி போட்ட மாதிரி மருதாணிச் சிவப்பு.

“இப்படிச் செவந்திருக்கே... மாப்ளைக்குப் பாசம் ஜாஸ்திதான்!” என்றார் மேற்பார்வையாளர்.

“பாசம் இருந்து என்ன செய்ய அண்ணாச்சி? மிஷினுக்குத் தெரிய மாட்டேங்குல்லா!”

கேட்டுக்கு வெளியே நின்ற கணவர் பதறினார். “ஏட்டி, சோப்புப் போட்டுத் தேச்சியா?”

“தேச்சா போவுமா? செவப்பு பத்தலன்னு ஒங்க அக்காதான மறுபடியும் வச்சி விட்டாவ!”

வெளியே சிரிப்பு. செல்வி சிரிக்கவில்லை. “வயசு வரம்பு முடியுது, சார். இத விட்டா இனி எழுத முடியாது,” என்றார் என்னிடம், மெதுவாக.

மேற்பார்வையாளரும் சிரிப்பை நிறுத்தினார். “ரேகை சேராம உள்ள விட எனக்கு அதிகாரம் இல்லம்மா. கேட்டப் பூட்டுத நேரம் வந்துட்டு.”

சுருக்குவது என்றால் என்ன? எதை விடலாம் என்று முடிவு செய்வது. என் புரோகிராம் அழுத்தமான கோடுகளை வைத்துக்கொள்ளும். மங்கலானதை அழுக்கென்று தள்ளிவிடும். மருதாணி ரேகையை அழிப்பதில்லை. மேட்டையும் பள்ளத்தையும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக்கிவிடுகிறது. ரேகை இருந்தது... மங்கலாக. அதைத் தள்ளியது ஸ்கேனர் இல்லை. நான்!

சுருக்காத படத்தை அப்படியே அனுப்பினேன். திரையில் வட்டம் சுற்றியது... சுற்றியது... செல்வி கண்ணை மூடிக்கொண்டார்.

‘பொருந்துகிறது.’

நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. ஓடினார். அவர் படியேறும்போதே மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். யார் விரல்களை வைத்து இதைச் சோதித்தேன்? ஹாஸ்டல் நண்பர்களின் விரல்களை. அதில் ஒருவன்கூட மருதாணி வைத்தவன் இல்லை! ‘எல்லோருக்கும்’ என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் பக்கத்து அறையில் இருப்பவர்களைத்தான் சொல்கிறோம், இல்லையா?

இனி, படம் மங்கலாக இருந்தால் புரோகிராமே தன் கையை அடக்கிக்கொண்டு குறைவாகச் சுருக்க வேண்டும். எழுதத் தொடங்கிவிட்டேன். அடுத்த வாரம் புளியங்குடியில் நண்பனின் தங்கைக்குக் கல்யாணம். அங்கே மருதாணி வைக்கப்போகும் பெண்கள் ரேகை தரச் சம்மதித்திருக்கிறார்கள். மருதாணியைக் கழுவியதும் ஸ்கேனரோடு போய் உட்காரப்போகிறேன்.

புரோகிராம் தோற்பதாக இருந்தால் அங்கேயே தோற்கட்டும்... கல்யாண வீட்டில் யாரும் கேட்டைப் பூட்டுவதில்லை.