வீங்கிய கன்னமும் நார்மல் ஃபெரிட்டினும்

1. நான்கு கலர் ரிப்போர்ட்

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்த கையோடு, செல்லுக்குள் நடப்பதை எல்லாம் ஊருக்கு விளக்கிவிடும் ஆவேசத்தில் சிவகாசியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் சேர்ந்தேன். முதல் நாள் எனக்குக் கிடைத்த ஆராய்ச்சிப் பணி, ரிப்போர்ட் அட்டைகளை நூறு நூறாகக் கட்டுவது.

முதலாளி அண்ணாச்சிக்கு ஆஃப்செட் பிரஸ்ஸும் உண்டு. அதனால் எங்கள் ரிப்போர்ட் நான்கு கலரில், வார்னிஷ் மினுமினுப்போடு, மேலே தாமரைப்பூ பூத்து வரும். சர்க்கரை முந்நூறு என்றாலும் பரிசு விழுந்த மாதிரி இருக்கும். அடியில் இன்னின்ன நோய் இருக்கலாம் என்று ஆங்கிலத்தில் வரிசையாக அச்சடித்து, பக்கத்தில் கட்டம் போட்டிருக்கும். பொருத்தமானதில் டிக் அடிக்கும் பொறுப்பை அண்ணாச்சி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவர் படித்தது பத்தாவது.

"காலியா விட்டா அட்டை வெறிச்சுன்னு இருக்கும் தம்பி" என்பார்.

2. செல்வியின் ரத்தம்

2006 தீபாவளி சீசன் நேரம். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகும் செல்வி, அப்பா காளிமுத்துவோடு வந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. நிச்சயம் முடிந்த பெண். சொத்தைப் பல்லால் கன்னம் வீங்கி, துண்டால் சுற்றியிருந்தாள்.

ஹீமோகுளோபின் குறைவு. சிவப்பணுக்கள் அளவில் சின்னவை. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதம் மட்டும் நார்மல். இரும்பு இருந்தும் ரத்தமில்லை என்றால் வேறென்ன? அண்ணாச்சி 'தலசீமியா, பரம்பரை ரத்தக் குறைபாடு' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

காளிமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியாது. அட்டை அம்புட்டு அழகாக இருந்ததால், பெருமையாக மாப்பிள்ளை வீட்டிலேயே கொண்டுபோய்க் காட்டிவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு ஆங்கிலம் தெரியும்.

மறுநாள் காளிமுத்து வந்து நின்றார். "பரம்பரைச் சீக்காம் தம்பி. பெரிய டாக்டர்ட்ட காமிங்க, ரிப்போர்ட் வரட்டும், பாத்துட்டுச் சொல்றோம்னுட்டாக. கல்யாணம் அம்புட்டுத்தான் போல."

பக்கத்தில் துண்டு சுற்றிய கன்னத்தோடு செல்வி. நேற்று ரத்தம் எடுத்தபோது நரம்பைத்தான் பார்த்தேன். இன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தேன்.

"பல்லு எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"சீழ் வச்சே ஒரு வாரம் ஆகுதுண்ணே. அதுக்கும் கல்யாணத்துக்கும் என்ன?"

என் எம்.எஸ்சி.க்கு முதல்முறையாக வாய் திறக்க வாய்ப்பு. செல்லில் ஃபெரிட்டின் செய்வதற்கான குறிப்புச்சீட்டு, அதாவது ஆர்.என்.ஏ., முன்கூட்டியே தயாராக இருக்கும். இரும்பு குறைந்தால் இன்னொரு புரதம் அதன் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, யாரையும் படிக்க விடாது. இரும்பு வந்தால் எழுந்து வழிவிடும். அதன் பிறகே இரும்பை அடைத்துவைக்கும் ஃபெரிட்டின். சரக்கு வந்தபின் பெட்டி மடிக்கிற ஒழுங்கான கம்பெனி. சீழும் வீக்கமும் வந்தால் கதையே வேறு. அந்த ஆர்.என்.ஏ.வையே கூடுதலாக எழுதச் சொல்லி அவசர ஆர்டர் போகும். மறிக்கிற புரதம் எத்தனையைத்தான் மறிக்கும்? சரக்கு இல்லாமலே பெட்டி குவியும்.

செல்வி யோசித்தாள். "அப்ப என் ஒடம்புல பெட்டி இருக்கு, உள்ள வெடி இல்லங்கிறீக."

நான் இரண்டு வருடம் படித்ததை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "மிஷினே நார்மலுங்குது. நீ எதுக்குலே குறுக்க விழுற?"

"மிஷின் பெட்டியத்தான் எண்ணும் அண்ணாச்சி. நம்பர் சரி, டிக்குதான் தப்பு. பல்லு ஆறுனதும் திரும்ப எடுக்கணும்."

டிக் தப்பு என்றதும் முகம் சுருங்கியவர், திரும்ப எடுக்கணும் என்றதும் மலர்ந்தார். அறிவியல் அவரை வென்ற விதம் இதுதான்.

3. இரண்டு பரம்பரை

பல்லைப் பிடுங்கி, வீக்கம் முழுதாக வடிந்தபின் மறுபடி ரத்தம் எடுத்தோம். ஃபெரிட்டின் அதலபாதாளத்தில் கிடந்தது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். சில மாதங்களில் ஹீமோகுளோபினும் ஏறியது, அணுக்களும் சரியான அளவுக்கு வந்தன. தலசீமியா என்றால் மாத்திரைக்கு இப்படி மசியாது. அண்ணாச்சி தாமரைப்பூவுக்குக் கீழே, கொஞ்சமும் கூச்சமின்றி, வேறொரு கட்டத்தில் டிக் அடித்தார்.

செல்வி அதை வாங்க வந்த அன்று தாய்மாமனும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தாய்மாமன் என்னிடம், "பொண்ணு ரத்தம் சுத்தம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க தம்பி, மேக்கொண்டு பேசுவோம்" என்றார்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "எனக்கு எத்தனையோ தடவை எடுத்தாச்சு. அவுகளுக்கு ஒரு தடவை எடுங்கண்ணே."

"மாப்ளைக்கு எதுக்கு?" என்றார் தாய்மாமன்.

"பரம்பரைன்னா ரெண்டு பரம்பரையும்தான?"

பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது. தலசீமியா கடுமையாகப் பிள்ளைக்கு வர, அப்பா அம்மா இருவரிடமும் அந்தக் குறை இருக்க வேண்டும். அதைச் சொன்னேன். தாய்மாமனின் ஆங்கிலம் உதவிக்கு வரவில்லை. மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்து உட்கார்ந்தார். ஊசியைப் பார்த்ததும் வெளுத்துப்போனார்.

"அவுகளுக்குத் தண்ணி குடுங்க" என்ற செல்வி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தாய்மாமனிடம் சொன்னாள்.

"ரிப்போர்ட் வரட்டும் மாமா. பாத்துட்டுச் சொல்றோம்."

லேப் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று. ஃபெரிட்டினைப் பார்க்கும் முன் கன்னத்தைப் பாருங்கள்.