போகாத கட்டங்கள்

ஆஸ்டின் டவுன் பெர்னதெத் 2003-இல் ஒரு வனவிலங்கு ஆய்வு அலுவலகத்தில் டைப் அடிக்கச் சேர்ந்தாள். ஓநாய்கள் எங்கே வாழ்கின்றன என்று வரைபடம் போடும் வேலை. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். களப்பணியாளர் பச்சைமுத்து கட்டம் கட்டமாக நடப்பார். தடம் தெரிந்தால் 1, தேடியும் கிடைக்காவிட்டால் 0. அவள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஆய்வாளர் அனந்தபத்மநாபன் அதோடு மழை, புல், மேய்ச்சல் விவரங்களைச் சேர்த்து, ஓநாய் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு வண்ணம் தீட்டுவார்: வாய்ப்பு அதிகமென்றால் சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை.

நவம்பரில் படம், தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனது. அதன் பிறகுதான் பச்சைமுத்து அதைச் சுவரில் பார்த்தார்.

"என்னம்மா, கிழக்கே பூரா வெள்ளையா இருக்கு?"

"அங்க ஓநாய் இல்லைன்னு நீங்கதானே அண்ணா எழுதுனீங்க?"

"நான் அங்க போகவே இல்லம்மா. மழையில ஜீப் ஏறல. அதான் வெறும் கோடு போட்டேன்."

அவள் தாள்களைப் புரட்டினாள். முப்பத்தெட்டுக் கட்டங்களில் கோடு. எல்லாவற்றையும் 0 என்று அடித்திருந்தாள். தொழிற்பேட்டைக்குக் கேட்ட நிலம் அதுதான்.

அனந்தபத்மநாபனிடம் போய் நின்றாள். "சார், தப்பு என்னுது."

அவர் தாள்களை வாங்கிப் பார்த்தார். "கோடுன்னா என்னன்னு நான் உங்களுக்குச் சொல்லவே இல்லையே, பெர்னதெத்."

நான்கு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினார்கள். போகாத கட்டங்களில் 0-ஐ எடுத்துவிட்டு, மழையையும் புல்லையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டதும் கிழக்குப் பகுதி ரத்தச் சிவப்பாக வந்தது. புதுப் படத்தோடு அரசு அலுவலகத்துக்கு ஓடினாள். "இட்டு ஹோகி" என்று கன்னடத்தில் சொன்னார் கிளார்க், தலை நிமிராமல். வைத்துவிட்டு வந்தாள். மறுவாரம் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். "ஒந்து சல நோடி சார்" என்று ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். ஒரு தடவைகூட யாரும் உறையைப் பிரிக்கவில்லை. மூன்றாவது முறை, உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது என்றார்கள்.

ஜனவரியில் பச்சைமுத்துவோடு அங்கே போனாள். மண் வாரும் எந்திரங்கள் புல்லை வழித்துக்கொண்டிருந்தன. ஆடு மேய்க்கும் ஒருவர், திங்கட்கிழமைதான் குட்டிகளோடு ஒரு வளை மூடிப்போனது என்று கன்னடத்தில் சொன்னார்.

"எத்தனை குட்டின்னு கேளுங்கண்ணா."

"வேணாம்மா."

"கேளுங்க."

ஐந்து என்றார் அவர். தாய் இரண்டு நாள் அங்கேயே சுற்றியதாம்.

பெர்னதெத் அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பச்சைமுத்து எவ்வளவோ கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

மார்ச்சில் வேலையை விட்டாள். ஏன் என்று கணவன் ஓஸ்வால்ட் கேட்டதற்கு, பஸ் தூரம் என்று சொன்னாள்.