ஆளுக்குப் பாதிப் பேனா

எங்கள் அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை மூடி குத்தியிருக்கும். தங்க வளையமும் அம்பு மாதிரி கிளிப்பும் வைத்த பழைய மைப்பேனாவின் மூடி. ஒர்க்‌ஷாப்பில் யாராவது கையெழுத்துப் போட அந்தப் பேனாவைக் கேட்டால், அப்பா பக்கத்திலிருக்கும் ஒரு பால்பேனாவை எடுத்து நீட்டுவார். ஏனென்றால் மூடிக்குக் கீழே பேனா கிடையாது. வெறும் மூடியைத்தான் அவர் அத்தனை மிடுக்காகக் குத்திக்கொண்டு அலைந்தார்.

அந்தப் பேனா இருந்தது பாய் மாமாவிடம். பாய் மாமா அப்பாவின் சிநேகிதர். தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு சந்து தள்ளித் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான் என்றாலும் அவர்களைச் சேர்த்துவைத்தது ஊரில்லை, பேனாப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், குர்லாவில் பழைய சாமான்களைப் பரப்பி விற்கும் தெருவுக்கு இருவரும் கிளம்பிவிடுவார்கள். உடைந்த கடிகாரம், ரேடியோ, ஒற்றைச் செருப்பு இவற்றுக்கு நடுவில் கிளறி, யாரோ எப்போதோ எழுதி ஓய்ந்த பேனாக்களைப் பொறுக்கி வருவார்கள்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான் வினை வந்தது. ஒரே பேனாவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்துவிட்டார்கள். அப்பா இழுத்த பக்கம், திருகு தளர்ந்திருந்த மூடி வந்தது. பாய் மாமா இழுத்த பக்கம் நிப்போடு கட்டை வந்தது. முதலில் பார்த்தவர் யார் என்று அரை மணி நேரம் வாக்குவாதம். கடைக்காரன் அலுத்துப்போய், "ஆதா ஆதா லே லோ" என்று சொல்லியிருக்கிறான். பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவன் கேலிக்குச் சொன்னதை இவர்கள் அப்படியே செய்துவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சந்தையிலிருந்து திரும்பி எங்கள் ஒற்றை அறையில் செய்தித்தாளை விரித்து உட்காருவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நிப்பு கழுவுவது, பிளவில் அடைத்த பழைய மையைப் பிளேடு நுனியால் எடுப்பது என்று வேலை நடக்கும். அதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

"அந்த மூடியக் குடும்வே. என் பேனா மூளியா கெடக்கு."

"உம்ம பேனாவா? மூடிதான்வே பேனாவுக்குத் தல. தல எங்கிட்ட இருக்கு."

"தலய வச்சி எழுதும், பாப்போம்!"

அம்மா அடுப்படியிலிருந்து, "ஒரு பேனாவுக்கு ரெண்டு கிறுக்கு" என்று சொல்லிக்கொண்டே டீயைக் கொண்டுவந்து வைப்பாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சண்டையைவிட அந்தப் பேனா முழுசாக எப்படியிருக்கும் என்பதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. மூடியில் ஓடும் பச்சை அலை கட்டையிலும் அப்படியே தொடருமா? திருகினால் எத்தனை சுற்றில் நிற்கும்? மராத்தி வகுப்பில் நோட்டு ஓரமெல்லாம் அந்தப் பேனாவை வரைந்தேன். இரண்டு பாதியும் ஒரே அறையில் வாரம் தவறாமல் சந்தித்துக்கொண்டும் ஒருமுறைகூடச் சேராமல் போவதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் பாய் மாமா லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனார். கட்டைக்கு அவரே தைத்துப்போட்ட தோல் உறை செய்தித்தாளின் மேல் கிடந்தது. அப்பா பனியனோடு பால் வாங்கப் போயிருந்தார். அவர் சட்டை ஆணியில் தொங்கியது, மூடியோடு. இரண்டையும் எடுத்துத் திருகினேன். ஒன்றரைச் சுற்றில் நின்றது. பச்சை அலை மூடியில் தொடங்கி வால் வரைக்கும் அறாமல் ஓடியது. அவ்வளவு அழகு! அதைத் திரும்பப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. என் பால்பேனாவை எடுத்துத் தோல் உறைக்குள் செருகிவைத்தேன். பாய் மாமா வந்தார், உறையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் முழுப் பேனாவையும் அப்பாவிடம் நீட்டினேன். தூக்கிச் சுற்றுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவரு குடுத்தாரா?" என்றார்.

தலையாட்டினேன்.

"அவராவா குடுத்தாரு?"

மறுபடியும் ஆட்டினேன். அப்பா மை ஊற்றித் தன் பெயரை ஒரு தரம் எழுதிப் பார்த்தார். துடைத்து அலமாரியில் வைத்துவிட்டார். பையில்கூடக் குத்திக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு பாய் மாமா வரவில்லை. அப்பா தனியாகக் குர்லா போய் வெறுங்கையோடு திரும்பினார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. செய்தித்தாளை விரித்து, கழுவின பேனாக்களையே திரும்பக் கழுவினார். அம்மா பழக்கத்தில் மூன்று டம்ளர் டீ போட்டுவிட்டு ஒன்றைத் தானே குடித்தாள். உண்மையைச் சொன்னால் அடி விழும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு அப்பா போகவேயில்லை. அலமாரியைத் திறந்து, பேனாவைத் திருகிப் பிரித்து, கட்டையை மட்டும் என் கையில் கொடுத்தார்.

"ஏளா, இத பாய்கிட்ட குடுத்துட்டு வா. வேணும்னா வந்து சண்ட போட்டு ஜெயிக்கச் சொல்லு. சும்மா குடுத்தா எனக்கு வேண்டாம்."

பட்டறையில் பாய் மாமா தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். நான் நீட்டியதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து என் பால்பேனாவை எடுத்துவைத்தார். அதன் பின்பக்கம் முழுக்க என் பல் அடையாளம்.

"இது யாரு கடின்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், நீங்களே கொடுத்ததாக அப்பாவிடம் பொய் சொன்னதையும். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அப்ப நான் குடுத்தேன்னா நெனச்சிக்கிட்டு இருக்காரு? நான் என்னடான்னா, இவரு திருப்பி அனுப்புதாரா, அமுக்கிக்கிடுதாரான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்." கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூடி எங்க?"

"அப்பாதான் வச்சிருக்காங்க. வேணும்னா வந்து சண்ட போட்டு ஜெயிக்கணுமாம்."

பாய் மாமா சிரித்தார். மூன்று வாரமாகச் சிரிக்காத மனிதர் சிரிப்பது போல இருந்தது. நான் செய்ததை அப்பாவிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அப்பா பச்சை மூடியைக் குத்திக்கொண்டு தயாராக நின்றார். வாசலில் குரல் கேட்டது: "வாரும்வே, குர்லாவுக்கு நேரமாச்சி. திரும்பி வந்து அந்த மூடிக்கு இன்னைக்கு ஒரு முடிவு கட்டிருவோம்."

"கட்டும், கட்டும்" என்று அப்பா செருப்பை மாட்டினார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முழுப் பேனாவையே கையில் கொடுத்தேனே, அதைப் பிரித்துவைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்தா என்று. பேனா சேர்ந்தால் சண்டை தீர்ந்துவிடும் என்பதுவரை நான் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தேன். சண்டை தீர்ந்தபின் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரும் என்ன செய்வார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.