டி.வி.யை மறைத்து நின்ற அத்தை

வட்டமாகப் போகிற பாதையில் ஒருவர் எப்படித் தொலைய முடியும் என்று சிறுவயதில் நிறைய யோசித்திருக்கிறேன். மலையைச் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அந்தப் பாதைக்கு வேறெதுவும் தெரியாது. ஆனாலும் மாமா தொலைந்தார். ஒரு பௌர்ணமி மாலையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பியவர், அடி அண்ணாமலையில் ஒரு கடையில் டீ குடித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. செருப்பு வாசலிலேயே கிடந்தது. அப்போது எனக்கு இரண்டு வயது.

மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை அப்பாவின் தங்கை. அந்தச் செருப்பையும் கல்யாணப் போட்டோவையும் ஒரு தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, செங்கம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த எங்கள் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தாள்.

எங்கள் பக்கத்தில் காவி வேட்டிக்குப் பஞ்சமில்லை. ஆசிரமத்துப் பக்கம் மதியச் சோற்றுக்கு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் எவளோ ஒருத்தியின் கணவர், எங்கோ ஒரு குழந்தையின் அப்பா நிச்சயம் இருந்தார். சில நாட்களில் வெளியூர்ப் பெண்கள் கையில் போட்டோவோடு வீடு வீடாக வருவார்கள். அத்தை அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள். போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்ப்பாள். இல்லை என்று தலையசைப்பாள். ஊரார் வீட்டுக் கணவர்கள் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருக்க, எங்கள் வீட்டுக் கணவர் மட்டும் வடக்கே போய்விட்டதாகப் பேச்சு. காசிப் பக்கம் என்றார்கள். யார் பார்த்தது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கல்யாணப் போட்டோ கூடத்துச் சுவரில் தொங்கியது. அதில் மாமாவின் இடது காது, சாத்த மறந்த கதவுபோலத் தனியாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அத்தை ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். மாமா என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காதுதான்.

எனக்கு எட்டு வயதானபோது வீட்டுக்கு டி.வி. வந்தது. மரப் பெட்டி, இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற மடிப்புக் கதவு. அப்பா குளித்துவிட்டுத்தான் அந்தக் கதவைத் திறப்பார். கறுப்பு வெள்ளைதான். மேலே நீலமும் கீழே பச்சையுமான ஒரு பிளாஸ்டிக் தாளைத் திரைக்கு முன்னால் மாட்டியதில், செய்தி வாசிப்பவருக்கு நெற்றி நீலமாகவும் தோள் பச்சையாகவும் ஆயிற்று. அதைக் கலர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மெட்ராஸிலிருந்து வருகிற படத்துக்கு மலை குறுக்கே நின்றது. ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற மலையை, மாடியில் ஆன்டெனாவைத் திருப்பியபடி வாய்விட்டுத் திட்டிய ஒரே ஆள் என் அப்பாவாக இருக்கலாம்.

நாங்கள் குழந்தைகள் திரைக்கு இரண்டு முழம் தள்ளித் தரையில். அப்பா நாற்காலியில். அம்மா நின்றுகொண்டே, பாதி மனசு அடுப்பில். அத்தை டி.வி. பார்ப்பதே இல்லை என்று சொல்வாள். சமையலறை வாசலில் உட்கார்ந்து ஏதாவது ஆய்ந்துகொண்டோ நறுக்கிக்கொண்டோ இருப்பாள். பாட்டு வந்தாலும் சினிமா வந்தாலும் குனிந்த தலை நிமிராது. கூட்டம் காட்டினால் மட்டும் நிமிரும். தேர்க்கூட்டம், ரயில் நிலையத்துக் கூட்டம், வெள்ளத்தில் தவிக்கிற கூட்டம், எந்தக் கூட்டமானாலும் சரி. ஒவ்வொரு தலையாக எண்ணுகிறவள்போலப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது மாமா போய் ஏழு வருடம் முடிந்திருந்தது. அவர் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்தவராகவே கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறதாம். அப்படிக் கொண்டால் மனைவிக்கு வாரிசு வேலை கிடைக்கும். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. இனி அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேள்விப்படவில்லை என்று அவர் எழுதிக்கொண்டு போக வேண்டும். பார்த்ததாக ஒருவர் சொன்னாலும் கோப்பை மூடிக் கட்டிவிடுவார்கள், வேலை கிடைக்காது.

அத்தை பத்தாவது தேறியவள். மாலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போக ஆரம்பித்திருந்தாள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் அவள் விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் வீட்டுச் சோறு என்று அவள் ஒரு நாளும் வாய்திறந்து சொன்னதில்லை. ஆனால் இரண்டாம் தடவை குழம்பு கேட்டும் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் என் தலைக்கு மேலே நடந்த பேச்சு. என் காதில் விழுந்தது துண்டு துண்டாகத்தான். ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே பெருமை, நான் பொய் சொல்ல மாட்டேன் என்பது. பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அதற்கு எனக்கு ஒரு பெயர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புராணத் தொடருக்காகத் தெருவே எங்கள் கூடத்தில் இருக்கும். அன்றும் தொடர் முடிந்தது. ஆனால் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்துபோவது வீட்டுக்காரருக்கு மரியாதையில்லை என்பதுபோல யாரும் நகரவில்லை. வடக்கே ஏதோ ஒரு ஆற்றங்கரையில் மேளா என்று காட்டினார்கள். இந்தியில் ஒருவர் படபடவென்று பேசினார். திரை முழுக்கத் தலைகள். பனி மூடிய தண்ணீரில் ஆட்கள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார்கள்.

"இன்னாடியம்மா, இந்தக் குளுருல மாடுகூட தண்ணில எறங்காது," என்றாள் எதிர்வீட்டு இட்லிக்கடைக்காரம்மா.

மொட்டைத் தலையோடு ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். படம் பிடித்தவருக்கு அவரைப் பிடித்துப்போயிற்றோ என்னவோ, கேமரா அங்கேயே நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் முருங்கைக்கீரை தரையில் சிதறுகிற சத்தம். அத்தை எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் தோள்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். அதே நேரம் திரையில் அந்த மனிதர் முகத்தைத் திருப்பினார். இடது காது. சாத்த மறந்த கதவு.

"அத்தை! மாமா! மாமா டி.வி.யில!" என்று கத்தினேன்.

அதற்குள் அத்தை டி.வி.க்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். சேனல் மாற்றுகிற திருகில் கை வைத்திருந்தாள். அவள் முதுகைச் சுற்றி நீலமும் பச்சையுமாக வெளிச்சம் ஆடியது. படம் அவளுக்கு முன்னால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, கொஞ்சம் நகரும்மா. ஒன் முதுகு என்ன கண்ணாடியா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"யப்பா, நெஜமாவா? எங்க கீறாரு? காட்டச் சொல்லுங்க!" என்றார் இன்னொருவர்.

"நகருங்க அத்தை, நகருங்க," என்று நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

அப்புறம்தான் திருகு திரும்பியது. சர்ரென்ற இரைச்சலோடு திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அத்தை எங்கள் பக்கம் திரும்பினாள்.

"வோல்டேஜ் கம்மி," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மொட்டை அடிச்சவங்க எல்லாம் ஒனக்கு மாமாவா? அப்போ நம்ம தெருவுலயே நாலு மாமா இருக்காங்க."

தெரு சிரித்தது. இட்லிக்கடைக்காரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்காமல் என் தொடையில் கிள்ளினாள். அத்தை கீழே உட்கார்ந்து சிதறிய கீரையை ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினாள்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை அதிகாரி வந்தார். தோல்பை, கையில் மடித்த குடை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். அப்பா சொன்னதை எழுதினார், அத்தை சொன்னதை எழுதினார். பிறகு அக்கம்பக்கத்தையும் கேட்க வேண்டும் என்றார். இட்லிக்கடைக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் கெட்டவள் இல்லை. ஒரு நல்ல கதையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரியாதவள், அவ்வளவுதான்.

"நாங்க யாரும் பாக்கலீங்க. இதோ, இந்தப் பாப்பாதான் டி.வி.யில பாத்துச்சு," என்று சொல்லிச் சிரித்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. பேனா நின்றது.

"இங்க வா பாப்பா. யாரைப் பாத்தே?"

அப்பா சுவரைப் பார்த்தார். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆறு, மொட்டைத் தலை, சொம்பு, காது. போட்டோவையும் கை நீட்டிக் காட்டினேன். அதிகாரி எழுந்துபோய் அந்தக் காதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா இப்படிச் சொல்லுதேம்மா," என்றார் அத்தையிடம். "நான் என்ன எழுதட்டும்?"

அத்தை என் முன்னால் மண்டியிட்டாள். அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. குரலில் கோபமே இல்லை.

"மாமா போறப்ப ஒனக்கு எத்தினி வயசு?"

"ரெண்டு."

"அவர் மூஞ்சி ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஆனா காது..."

"ஞாபகமே இல்லாதவர எப்படிடா கண்ணு பாத்திருப்பே? எல்லாரும் ஒன்னியப் பாக்கணும்னு சொல்லிட்டே. அவ்வளவுதானே? சார்கிட்ட சொல்லிடு. பொய் சொன்னேன்னு சொல்லு."

என் இரண்டு தோள்களையும் அவள் பிடித்திருந்தாள். அந்த விரல்கள் தட்டாமல் அசையாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

"பொய் சொன்னேன்," என்றேன்.

என் நினைவில் நான் சொன்ன முதல் பொய் அதுதான். அதிகாரி என் தலையில் லேசாகத் தட்டி, "டி.வி. ஜாஸ்தி பாக்காத பாப்பா," என்று புத்தி சொல்லிவிட்டு, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு குடையோடு போனார். அன்று சாயங்காலம் அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னினாள். அவளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். தெருப் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஒரு காதை முன்னால் மடக்கிக் காட்டி, "மாமா! மாமா!" என்று கத்துவார்கள். பொய் சொல்லாதவள் என்ற பெயர் அப்படிப் போயிற்று.

வேலை வர ஒன்றரை வருடம் ஆனது. கீழ்பென்னாத்தூரில் ஓர் அலுவலகம். காலை எட்டு மணி பஸ், டிபன் டப்பா, தோளில் பை. இறந்தவரின் மனைவிக்குக் கொடுத்த வேலை என்பதால் வெறும் நெற்றியோடு போவாள். சாயங்காலம் திரும்பியதும் முகம் கழுவிக் குங்குமம் வைத்துக்கொள்வாள். அம்மா ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அது ஆபீஸ் நெத்தி அண்ணி, இது வீட்டு நெத்தி," என்றாள் அத்தை. சாப்பிடும்போது அத்தை இரண்டாம் தடவை குழம்பு கேட்க ஆரம்பித்தாள். என் கல்லூரிக்கு அவள்தான் பணம் கட்டினாள். நாங்கள் மறுபடி பேசிக்கொண்டோம், எல்லாவற்றையும் பற்றி, அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

பிறகு கேபிள் வந்தது. மலை எந்தப் படத்துக்கும் குறுக்கே நிற்கவில்லை. ஆன்டெனா மாடியில் துணி காயப்போடும் கம்பியானது. கலர் டி.வி. வந்தது. அதற்குக் கதவு கிடையாது. என் மகளுக்கு ஐந்து வயதாகியிருந்த ஒரு பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அவள் சோபாவில் மல்லாந்து, ரிமோட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு, தலைகீழாக டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற அவளுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. முடி நரைத்துவிட்டது. அன்று விடுமுறை; வீட்டு நெற்றி.

சேனல்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றன. பனி, ஆறு, தலைகள். வடக்கே மறுபடி ஏதோ மேளா. இப்போது நிஜமான கலர். தண்ணீர் நான் நினைத்திருந்ததுபோல நீலமாக இல்லை, சேற்று நிறத்தில் இருந்தது. அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் சின்னப்பாட்டி, அவங்களுக்கு குளிராதா?" என்றாள் மகள்.

"குளிரும். அதான் எல்லாரும் மொதல்ல தலையில ஊத்திக்கறாங்க. தலை நனஞ்சிட்டா அப்புறம் தெரியாது." கடலை ஓட்டை உடைத்துக்கொண்டே அத்தை சொன்னாள். "அவர் மட்டும் அப்படி இல்ல. மொதச் சொம்பு எப்பவும் எடது தோள்லதான். அன்னிக்கும் அப்படித்தான் ஊத்திக்கிட்டார்."

மகள் சேனலை மாற்றிவிட்டாள். ஏதோ ஒரு பூனை எலியைத் துரத்தியது. அத்தை உரித்த கடலையில் ஒரு கை அள்ளி அவளிடம் நீட்டினாள். கேட்க வேண்டியிருந்ததை அவளே சொல்லி முடித்துவிட்டாள்.

நான் அன்று பார்த்தது காதை மட்டும். முதல் சொம்பு தோளில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. நான் கத்துவதற்கு முன்பே கீரை சிதறிவிட்டது. அவள் முந்திக்கொண்டு வந்ததும், மறைத்ததும், திருகியதும் இன்று எனக்கு வரிசையாகப் புரிகிறது. படத்தைக் கெடுக்கிறாளே என்ற ஆத்திரத்தில் அவள் புடவையைப் பிடித்து இழுத்த ஒன்பது வயதுக்கு எதுவும் புரியவில்லை. எத்தனை பேர் கத்தியும் நகராமல், ஏழு வருடம் கழித்து அவர் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் அவள் நின்றிருந்தாள். திருகில் கை வைத்த பிறகும் அதைத் திருப்ப அவளுக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.